பாளையங்கோட்டைல ஒரு சிவில் வக்கீல் ஆபீஸ்: எதிராளி கையில இருக்குற பேப்பர வெளிய கொண்டு வர்ற விஷயத்துல என் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிருதேன், அஞ்சுக்கு நாலு ஸ்டார். போன எடுக்கவே மாட்டாங்க, அதுக்கு ஒரு ஸ்டார் போச்சு. மத்தபடி சொத்து வழக்கு பாகப்பிரிவினை வழக்குன்னு கோர்ட்டுக்கு அலையுற நம்ம பக்கத்து ஆளுங்க எந்த வக்கீல புடிக்கன்னு தெரியாம முழிக்காங்கல்லா, அவங்களுக்கு உபயோகப்படட்டும்னுதான் இவ்வளவு நீளமா எழுதுதேன். ஆபீஸ் பேரு போடல. வழக்கு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு, அதுபோக வக்கீலுங்க விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி 36 இருக்கு, நான் பாட்டுக்கு பேர போட்டு அவங்களுக்கு வம்ப இழுத்து விட்டுரக் கூடாது. பாளையங்கோட்டைல ஒரு மாடி, கீழ ஜெராக்ஸ் கடை, ஏறுற படி ஒரு ஆளு போற அகலம்தான், வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க பாத்துக்கிடுங்க.

வழக்கு என்னன்னா எங்கம்மாவோட பங்கு. தாத்தா உயில் ஒண்ணும் எழுதாம போய்ட்டாரு. டவுன்ல வாடகைக்கு விட்ட ரெண்டு கடை, ஆத்துப் பாசனத்துல கொஞ்சம் நஞ்சை, அதுல வாழ போட்டு குத்தகைக்கு விட்டிருக்கு. எல்லாம் பெரிய மாமா கையில. எங்கம்மா போயி கேட்டப்ப "உனக்குத்தான் நக போட்டு கெட்டிக் குடுத்தாச்சுல்லா, பொறவென்ன" ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. திருநெல்வேலிச் சீமைல இந்த வார்த்தைய கேக்காத பொம்பளப் பிள்ள எத்தன பேரு இருப்பாங்கன்னு தெரியல. சட்டம் என்னமோ 1989-லயே தமிழ்நாட்டுல திருத்தியாச்சு, 2005-ல நாடு பூரா வந்துட்டு, 2020-ல சுப்ரீம் கோர்ட்டு வினீதா சர்மா வழக்குல மகளுக்கு பொறப்புலயே பங்கு உண்டு, 2005-ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியமில்லன்னு தெளிவா சொல்லிட்டு. ஆனா அண்ணன் மேலயே கேஸ் போட்டவன்னு தெருவுல பேசுத பேச்சு இருக்கே, அதுக்கு மட்டும் இன்னும் எந்த திருத்தமும் வரல.

சட்டம் நம்ம பக்கம், பேப்பர் பூரா மாமா பக்கம். இதான் எங்க பிரச்சன. இந்த மாதிரி வழக்குல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு இதே பிரச்சனதான் இருக்கும்னு நெனைக்கேன், சொத்த அனுபவிக்கிற ஆளு கையிலதான் பத்திரம், கணக்கு, ரசீது எல்லாம் இருக்கும், கேக்குற ஆளு கையில வெறும் வாய்தான் இருக்கும். அதனால ஒரு சிவில் வக்கீல் நல்லவரான்னு பாக்க அவர் கோர்ட்டுல எவ்வளவு சத்தமா பேசுதாருன்னு பாக்காதிய. எதிராளிகிட்ட இருந்து பேப்பர வாங்க என்ன பண்ணுதாரு, எந்த தேதியில பண்ணுதாரு, அதப் பாருங்க.

2023-ல வழக்கு போட்டது சொந்தத்துல ஒரு வக்கீல் மூலமா. அவரப் பத்தி ரொம்ப சொல்லல, பாக்கும்போதெல்லாம் "வாய்தா போட்டிருக்கு" அவ்வளவுதான் பதில். எதிர்தரப்பு எதிருரை, அதாவது நம்ம வழக்குக்கு அவங்க எழுத்துல குடுக்குற பதில், தாக்கல் பண்ண சம்மன் கிடைச்சதுல இருந்து 30 நாள், கோர்ட்டு காரணம் எழுதி நீட்டிச்சா 90 நாள் வரைக்கும், இது சி.பி.சி.ல, அதாவது சிவில் நடைமுறைச் சட்டத்துல, ஆர்டர் 8 ரூல் 1. மாமா தரப்பு அந்த 90-யும் தாண்டி 2024 பிப்ரவரிலதான் போட்டாங்க. சாதா சிவில் வழக்குல அந்த 90 நாள் இரும்புக் கோடு கிடையாது, தக்க காரணம் இருந்தா கோர்ட்டு ஏத்துக்கிடலாம்னு 2005-ல சேலம் வக்கீல் சங்க வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, அதனால கோர்ட்டு வாங்கிக்கிட்டது தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா ஏன் லேட்டுன்னு நம்ம தரப்புல இருந்து ஒரு வார்த்த கேக்க ஆளு இல்ல. அன்னைக்கே அம்மா முடிவு பண்ணிட்டா, சொந்தம்னு பாத்தது போதும்னு. நோ அப்ஜெக்‌ஷன் எழுதி வாங்கி கேஸ் கட்ட இந்த ஆபீசுக்கு மாத்துனோம்.

இங்க வக்கீலம்மாதான் சீனியர். போன அன்னைக்கு எங்கம்மா மாமா பண்ணுனதெல்லாம் சொல்லி அழ ஆரம்பிச்சா, அவங்க தண்ணி குடுத்துட்டு "எதிருரை காப்பி இருக்காம்மா" ன்னு மட்டும் கேட்டாங்க. வாங்கி, ஒரு பென்சில எடுத்து, ஒவ்வொரு பக்கமா படிச்சு, எங்கெங்க ஒரு பேப்பரப் பத்தி பேச்சு வருதோ அங்கெல்லாம் அடில கோடு போட்டாங்க. எங்களுக்கு என்னடா இது நம்ம கதைய கேக்கவே மாட்டேங்காங்கன்னு இருந்துச்சு. கடைசில காயிதத்த எங்க பக்கம் திருப்பி காட்டுனாங்க. பாத்தா, 1994-ல குடும்பத்துல கூர்சீட்டு எழுதி பாகம் பிரிச்சாச்சு, அதுல எங்கம்மா பங்க விட்டுக் குடுத்துட்டான்னு ஒரு எடத்துல. கடை வாடகை கணக்கு முறையா எழுதி வச்சிருக்கோம், விசாரணைல தாக்கல் செய்வோம்னு இன்னொரு எடத்துல. "இந்த ரெண்டையும் அவரே எழுதிட்டாருல்லா, இனி காட்ட மாட்டேன்னு சொல்ல முடியாது" ன்னாங்க. 

இதுல ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியணும். சாதா சிவில் வழக்குல, இந்தந்த நாளுக்குள்ள ரெண்டு தரப்பும் கையில இருக்குற எல்லா ஆவணத்தையும் ஒருத்தருக்கொருத்தர் காட்டிரணும்னு தானா ஓடுற கெடு ஒண்ணும் கிடையாது. நாம நோட்டீஸ் போட்டாதான் நாள் எண்ண ஆரம்பிக்கும். போடலன்னா வழக்கு பத்து வருஷம் வாய்தாவுலயே கெடக்கும், விசாரணை அன்னைக்கு திடீர்னு ஒரு பேப்பர நீட்டுவாங்க, நம்ம ஆளு முழிப்பாரு. எங்க பழைய வக்கீல் இத போடவே இல்ல. இங்க வக்காலத்து போட்ட கையோட போட்டாங்க.

மொத நோட்டீஸ் ஆர்டர் 11 ரூல் 15. எதிராளி தன் மனுவுலயோ அபிடவிட்டுலயோ (சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்குற வாக்குமூலம்) குறிப்பிட்டிருக்குற ஆவணத்த காட்டு, நாங்க பாத்து நகல் எடுத்துக்கிடுதோம்னு கேக்குற நோட்டீஸ். இதுக்கு கோர்ட்டு உத்தரவு வேண்டாம், வக்கீலுக்கு வக்கீல் குடுத்துரலாம். வாங்குன தரப்பு 10 நாளுக்குள்ள பதில் சொல்லணும், அந்த பதில் குடுத்த மூணு நாளுக்குள்ள வக்கீல் ஆபீசுல வந்து பாக்குறதுக்கு ஒரு நேரம் குறிச்சு குடுக்கணும். எதையாவது காட்ட மாட்டேன்னா எது, என்ன காரணம்னு சொல்லணும். காட்டாம விட்டா அந்த பேப்பர பொறவு அவங்களே தங்களுக்கு சாதகமா தாக்கல் பண்ண முடியாது, தக்க காரணம் இருந்துச்சுன்னு கோர்ட்ட நம்ப வச்சாத்தான் உண்டு. மாமா அந்த கூர்சீட்ட வச்சுத்தான் வழக்கையே ஓட்டுதாரு, அதக் காட்டலன்னா அவருக்குத்தான் கேடு.

இந்த ஆபீசுல எனக்கு ரொம்ப புடிச்சது குமாஸ்தா அண்ணாச்சி. அவருக்கு அறுவது வயசுக்கு மேல இருக்கும், கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டாரு, ஆனா செவுத்துல ஒரு நாள்காட்டி, மேசைல ஒரு நீள நோட்டு. நோட்டுல ஒவ்வொரு வழக்குக்கும் ரெண்டு கலர் மையில தேதி இருக்கும், நீலம் கோர்ட்டு போட்ட வாய்தா, செவப்பு நாம போட்ட நோட்டீஸ் காலாவதி ஆகுற தேதி. நான் பாத்த வேற எந்த வக்கீல் ஆபீசுலயும் அந்த செவப்பு தேதி கிடையாது, எல்லாருக்கும் நீலம் மட்டும்தான், அதுவும் இப்ப ஈ-கோர்ட்ஸ் ஆப்புல சி.என்.ஆர். நம்பர், அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி நம்பர், போட்டா நம்மளே பாத்துக்கிடலாம். செவப்பு தேதிய எந்த ஆப்பும் சொல்லாது. பதினோராவது நாள் காலைல அண்ணாச்சிதான் போன் பண்ணுனாரு (அவங்களா போன் பண்ணுனா பண்ணுவாங்க, நாம பண்ணுனாத்தான் எடுக்க மாட்டாங்க). "யம்மா, பத்து நாள் முடிஞ்சிட்டு, அவிய வாயத் தொறக்கல. இனி மனு போட்டுருவோம், அம்மாவ கையெழுத்துக்கு கூட்டிட்டு வாங்க" ன்னாரு.

மனுன்னா ஐ.ஏ., வழக்குக்கு நடுவுல போடுற இடைக்கால மனு. அதுல ரெண்டு போட்டாங்க. ஒண்ணு ரூல் 18, நோட்டீஸ் குடுத்தும் காட்டல, காட்டச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போடணும்னு. இன்னொண்ணு ரூல் 12, எதிருரைல சொல்லாத ஆனா அவர் கையில இருக்கக் கூடிய பேப்பர் எல்லாத்தையும் சத்தியம் பண்ணி பட்டியல் போட்டுத் தரணும்னு, கடைக்காரங்களோட வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் வாங்குன ரசீது, வாழ குத்தகைச் சீட்டு, தீர்வ ரசீது இந்த மாதிரி. இதுல வக்கீலம்மா கொஞ்சம் கறாரு. நாங்க ஒரு நீள லிஸ்ட் எழுதிட்டு போனோம், மாமா பையன் படிப்புச் செலவு ரசீது வரைக்கும். பாதிய அடிச்சிட்டாங்க. வழக்குக்கு சம்பந்தமில்லாதத கேட்டா சும்மா தூண்டில் போட்டு பாக்குதாங்கன்னு எதிர்தரப்பு சொல்லும், மொத்த மனுவும் அடி வாங்கும்னாங்க. இதுபோக எழுத்து மூலமா கேள்வி கேட்டு பதில் வாங்குற வழியும் ஆர்டர் 11-லயே இருக்கு, அதுக்கு கோர்ட்டு அனுமதி வேணும், அனுமதி ஆனா 10 நாளுக்குள்ள அபிடவிட்டா பதில் வரணும். அந்த கேள்விகள எங்கம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். "கூடப் பொறந்தவள இப்பிடி பண்ண உனக்கு எப்பிடி மனசு வந்துச்சு" ங்குறது மூணாவது கேள்வி. வக்கீலம்மா சிரிக்காம அதுக்கு மேல கோடு போட்டுட்டு, வம்புக் கேள்வி கேட்டா அந்த செலவ நம்ம தலைலயே கட்டலாம்னு ரூல் 3 இருக்கும்மான்னு சொன்னாங்க. கடைசில நின்னது எந்தக் கடை யாருக்கு எவ்வளவு வாடகை, அட்வான்ஸ் எந்தக் கணக்குல போட்டிய, அவ்வளவுதான்.

இப்ப வருது பாருங்க கூத்து. மாமா தரப்பு நம்ம மனுவுக்கு கவுண்டர், அதாவது பதில் மனு, போட்டாங்க. 2023 டிசம்பர்ல தாமிரபரணில வெள்ளம் வந்துச்சுல்லா, டிசம்பர் 17, 18-ல, அந்த தண்ணில வாடகை கணக்கு நோட்டெல்லாம் நாசமாயிட்டுன்னு எழுதியிருந்தாங்க. எனக்கு படிச்ச ஒடனே நெஞ்சு அடச்சிட்டு, ஏன்னா அந்த வெள்ளத்துல நெசமாவே எத்தனையோ வீட்டுல பத்திரம், சர்டிபிகேட்டு எல்லாம் போச்சு, ஜங்ஷன் பக்கம் கடைக்குள்ள தண்ணி நின்னத நானே பாத்தேன், கோர்ட்டுல யாரு நம்பாம இருப்பா. வக்கீலம்மா அசரவே இல்ல. எதிருரைய எடுத்து தேதிய காட்டுனாங்க. வெள்ளம் டிசம்பர்ல, எதிருரை பிப்ரவரில. வெள்ளம் வடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு கையெழுத்து போட்ட பேப்பர்லதான் கணக்கு முறையா வச்சிருக்கோம், தாக்கல் செய்வோம்னு எழுதியிருக்கு.

அதோட இன்னொரு விஷயம் சொன்னாங்க, இது எனக்கு ரொம்ப புதுசு. ரூல் 13-ல ஆவண அபிடவிட்டுக்குன்னு ஒரு படிவம் இருக்கு. அதுல என்கிட்ட இருக்குறது எது, காட்ட மறுக்குறது எது ஏன், இதுபோக முன்னாடி இருந்து இப்ப இல்லாதது எது, அது கடைசியா எப்ப என் கையில இருந்துச்சு, என்னாச்சு, இப்ப யாருகிட்ட இருக்குன்னு ஒவ்வொண்ணா சத்தியம் பண்ணி சொல்லணும். கவுண்டர்ல பொத்தாம் பொதுவா வெள்ளம்னு எழுதிட்டு போயிரலாம், அந்த படிவத்துல எந்த வருஷத்து நோட்டு எங்க வச்சிருந்திய எப்பிடி நனஞ்சுதுன்னு வந்து நிக்கும். கோர்ட்டு ரெண்டு மனுவையும் பெரும்பாலும் நம்ம பக்கமே அனுமதிச்சு, அபிடவிட்டுக்கும் ஆவணத்த காட்டுறதுக்கும் தேதி குறிச்சு உத்தரவு போட்டுச்சு. அபிடவிட்டு வந்தப்ப வெள்ளத்துல போன நோட்டுல பாதி திரும்பி வந்துட்டு. எப்பிடின்னு நாங்க கேக்கல, பரண்ல இருந்துச்சாம்.

ஆவணத்த பார்வையிட குறிச்ச எடம் எதிர்தரப்பு வக்கீல் ஆபீசு. நானும் அம்மாவும் வக்கீலம்மாவோட ஜூனியரும் அண்ணாச்சியும் போனோம். மாமாவும் வந்திருந்தாரு. எங்கம்மாவ பாத்து "வாம்மா" ன்னாரு, பழக்கம், பொறவு என்ன பேசன்னு தெரியாம பையன அனுப்பி எல்லாருக்கும் காப்பி வாங்கிட்டு வரச் சொன்னாரு. கூர்சீட்ட மேசைல வச்சாங்க. ஒரு முழுத்தாள், மடிச்ச எடத்துல பழுப்பேறி பிஞ்சு, பின்னால செல்லோடேப் ஒட்டியிருக்கு. எந்த வயல் யாருக்கு எந்தக் கடை யாருக்குன்னு நாலு பத்தி, அடில மூணு மாமாவோட கையெழுத்து, ரெண்டு சாட்சி. எங்கம்மா பேரு அந்தத் தாள்ல எங்கயுமே இல்ல. விட்டுக் குடுத்தான்னும் இல்ல, வாங்கிக்கிட்டான்னும் இல்ல, அப்பிடி ஒரு தங்கச்சி இருக்கான்னே இல்ல. அண்ணன் தம்பி மூணு பேரும் தங்களுக்குள்ள பிரிச்சுக்கிட்ட சீட்டு அது. எங்கம்மா கண்ணாடி போட்டு ரெண்டு தரம் படிச்சிட்டு ஒண்ணும் பேசாம காப்பிய குடிச்சா.

இதுல சட்டப்படி இன்னொரு முடிச்சும் இருக்கு. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால நடந்த பாகப்பிரிவினைய இந்து வாரிசுச் சட்டம் பிரிவு 6 தொடாது, ஆனா அதுல பாகப்பிரிவினைன்னா பதிவு செஞ்ச பத்திரம் இல்ல கோர்ட்டு டிக்ரின்னுதான் அர்த்தம் சொல்லியிருக்கு. வாய்வழியா பிரிச்சோம்னு சொன்னா, அரசாங்க ஆவணம் மாதிரி பலமான ஆதாரம் இருந்து அரிதாத்தான் ஏத்துக்கிடலாம்னு வினீதா சர்மா தீர்ப்புலயே இருக்கு. அப்ப பதிவு இல்லாத, மக பேரே இல்லாத சீட்டு என்ன நெலமைன்னு கோர்ட்டுதான் சொல்லணும், நான் தீர்ப்பு சொல்லல. ஆனா அந்த பேப்பர கண்ணால பாக்குறதுக்கு முன்னாடி எங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்காம "நான் எதுலயாவது கையெழுத்து போட்டேனாடி" ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அது நின்னுட்டு.

அண்ணாச்சி பார்வைல பண்ணுன வேலைக்குத்தான் நான் காசு குடுத்ததா நெனைக்கேன். வாடகை நோட்டு செவப்புத் துணி பைண்டு போட்டது, நாங்கெல்லாம் தொகைய பாத்துக்கிட்டு இருக்கோம், இவரு நோட்ட நடுவுல விரிச்சு தையல பாக்காரு. ஒரு எடத்துல நூல் தொளதொளன்னு கெடக்கு. ஒரு பக்கம் தாள கிழிச்சா தையலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஜோடித் தாளும் ஆடும்ல, அத வச்சு கண்டுபிடிச்சாரு. பாத்தா ஒரு வருஷத்துல பங்குனில இருந்து நேரா ஆடிக்கு தாவியிருக்கு. சண்ட போடல, கத்தல. "சார், இந்த எடத்துல தாள் இல்ல, குறிச்சுக்கிடுவோம்" ன்னு சொல்லி, எந்தெந்த ஆவணம் பாத்தோம், எத்தன பக்கம், எங்க விட்டிருக்குன்னு ஒரு மெமோ எழுதி ரெண்டு தரப்பு ஜூனியர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாரு. எதிர்தரப்பு ஜூனியர் கொஞ்சம் யோசிச்சாப்ல, பொறவு போட்டுட்டாப்ல. பார்வைக்கு போறவங்க இந்த மெமோ எழுதாம எந்திரிச்சு வந்துராதிய, நாளைக்கு அந்த நோட்டு எந்த ரூபத்துல கோர்ட்டுக்கு வரும்னு யாருக்கும் தெரியாது.

விட்டுப்போன மாசத்துக்கு என்ன பண்ணுனாங்கன்னா, கடைக்காரர் ஒருத்தர் வாடகை ரசீத வருஷ வாரியா கம்பில குத்தி வச்சிருக்காருன்னு எங்க சித்தி மூலமா தெரிஞ்சுச்சு. வழக்குல தரப்பா இல்லாத ஆளுகிட்ட ஆர்டர் 11-ஐ வச்சு கேக்க முடியாது, அதுக்கு ஆர்டர் 16, சாட்சி சம்மன். ஆவணத்த மட்டும் கொண்டாந்து குடுன்னும் சம்மன் போடலாம், சாட்சி சொல்ல வேண்டியதில்ல. வரலன்னா வாரண்டு, ஜப்தி, 5000 ரூவா வரைக்கும் அபராதம்னு சி.பி.சி. பிரிவு 32-ல இருக்கு. அவருக்கு அதெல்லாம் தேவப்படல, பாவம், கம்பியோட கொண்டாந்துட்டாரு.

எல்லாருக்கும் இருக்குற கேள்வி, உத்தரவு போட்டும் காட்டலன்னா என்ன. அதுக்கு ஆர்டர் 11 ரூல் 21. பிரதிவாதின்னா அவர் எதிர்வாதத்தையே நீக்கி வழக்கே எதிர்க்காத மாதிரி வச்சுரலாம், வாதின்னா வழக்கு தள்ளுபடி, அதே காரணத்துக்கு புதுசா வழக்கும் போட முடியாது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒடனே வாங்கிரலாம்னு யாராவது சொன்னா நம்பாதிய. வேணும்னே, பிடிவாதமா காட்டாம இருந்தாத்தான் அந்த கடைசி ஆயுதம்னு 1978-லயே பப்பர் தையல் மெஷின் கம்பெனி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு. அந்த உத்தரவுக்கு அப்பீலும் உண்டு. எங்க வக்கீலம்மா அந்த மனுவ டைப் பண்ணியே வச்சிருந்தாங்க, ஆனா போடல, தேதிக்குள்ள அபிடவிட்டு வந்துட்டு. மாமா கடைசி வரைக்கும் மறச்சிருந்தாலும் இன்னொரு வழி இருக்காம், கையில இருக்குறத காட்டாம இருந்தா அது அவருக்கு பாதகமாத்தான் இருக்கும்னு கோர்ட்டு ஊகிச்சுக்கிடலாம், பழைய சாட்சியச் சட்டத்துல 114-ல இருந்துச்சு, 2024 ஜூலை 1-ல இருந்து வந்த புது சட்டத்துல 119.

என் கொழுந்தன் அமெரிக்கால இருக்கான், அவன்கிட்ட இதச் சொன்னப்ப அங்க இதுக்கு டிஸ்கவரின்னு பேரு, வழக்குல பாதி காசு அதுலயே போயிரும்னான். அங்க ஃபெடரல் கோர்ட்டுல ஆவணம் கேட்டா 30 நாளுக்குள்ள பதில் வரணும், எழுத்துக் கேள்வி 25-க்கு மேல கேக்கணும்னா கோர்ட்டு அனுமதியோ எதிர்தரப்பு சம்மதமோ வேணும், காட்டலன்னா மோஷன் டு கம்பெல், அதாவது காட்டச் சொல்லி உத்தரவு கேக்குற மனு. அத போடுறதுக்கு முன்னால எதிர்தரப்போட நல்லபடியா பேசிப் பாத்தோம்னு சர்டிபிகேட் எழுதிக் குடுக்கணுமாம். மோஷன் ஜெயிச்சா வக்கீல் பீஸ் உட்பட அந்த செலவ பெரும்பாலும் மறச்ச ஆளே குடுக்கணும். இந்தக் கடைசி விஷயம் மட்டும் இங்க வந்தா எத்தன மாமாவுக்கு பரண் ஞாபகம் வரும்னு நெனச்சுக்கிட்டேன். நம்ம கோர்ட்டுலயும் செலவுத்தொகை போடலாம்தான், ஆனா போடுற தொகைய பாத்தா ஒரு வாய்தாவுக்கு பஸ்ஸுல வந்து போற காசுக்கு ஆகாது.

வியாபாரம் பண்ணுறவங்களுக்கு வேற கதை. சரக்கு பணம், பார்ட்னர்ஷிப் இந்த மாதிரி 3 லட்சத்துக்கு கொறையாத வணிகத் தகராறுன்னா 2015 சட்டப்படி கமர்ஷியல் கோர்ட்டு, அங்க நாள் தானா ஓடும். எதிருரை 120 நாள் தாண்டுனா வாங்கவே மாட்டாங்க, 2019-ல சுப்ரீம் கோர்ட்டு இத கறாரா சொல்லிட்டு. எதிருரை போட்ட 30 நாளுக்குள்ள ஆவணப் பார்வை முடியணும், கேட்டா இன்னும் 30 நாள், அதுக்கு மேல கிடையாது. கையில இருக்குற ஆவணத்த மனுவோடயே போட்டுரணும், பொறவு கொண்டாந்தா ஏன் அப்பவே போடலன்னு காரணம் சொல்லணும். பேட்டைல மொத்த வியாபாரம் பண்ணுற எங்க சொந்தக்காரர் ஒருத்தரையும் இந்த ஆபீசுக்குத்தான் அனுப்பி வச்சேன், அண்ணாச்சி அவர் பில் புக்க பாத்த ஒடனே வருஷப்படி அடுக்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாராம், அவருக்கு கோவம்.

இனி குறைகள். போன் விஷயம் சொல்லிட்டேன். வாட்ஸ்அப்புல கேட்டா நீலம் டிக் விழும், பதில் வராது, ரெண்டு நாள் கழிச்சு "நேர்ல வாங்க" ன்னு வரும். பீஸ் ஒரே தொகையா சொல்ல மாட்டாங்க, ஒவ்வொரு ஐ.ஏ.-வுக்கும் தனி, ஜெராக்ஸ் தனி, டைப்பிங் தனி. கணக்கு எழுதி குடுக்காங்க, ஜிபே போட்டா ரசீதும் தாராங்க, அதுல குத்தம் சொல்ல முடியாது, ஆனா மொதல்லயே மொத்தம் இவ்வளவு வரும்னு ஒரு குத்துமதிப்பு சொல்லியிருந்தா நாங்க தயாரா இருந்திருப்போம். ஜூனியருக்கு அம்மா மாதிரி ஆளுங்ககிட்ட தமிழ்ல வெளக்கத் தெரியல, இன்ஸ்பெக்‌ஷன் ப்ரொடக்‌ஷன்னு சொல்லிக்கிட்டே போறாப்ல, பொறவு அண்ணாச்சி வந்து "மாமா கையில இருக்க நோட்ட நம்ம கண்ணுல காட்டணும், அவ்வளவுதாம்மா" ன்னு சொல்ல வேண்டியிருக்கு. உக்கார நாலு நாற்காலி, ஒரு ஃபேன், மே மாசம் கோர்ட்டு லீவுல போனாக்கூட கூட்டம். இதுல வக்கீலுங்க கோர்ட்டு பாய்காட்டுன்னா ஆபீசும் பூட்டியிருக்கும், நம்ம வெளியூர்ல இருந்து வந்தது வேஸ்ட், முந்தின நாளே அண்ணாச்சிகிட்ட கேட்டுக்கிடணும்.

இதுல அவங்க மேல ஒரு மரியாதை வந்தது எப்பன்னா, அம்மா ஒருநாள் ஆத்திரத்துல மாமாவ கூண்டுல ஏத்தி நாறடிக்கணும்னு சொன்னா. வக்கீலம்மா "நமக்கு பங்கு வேணுமா, பழி வேணுமா, ரெண்டுக்கும் வேற வேற பீஸ்" ன்னாங்க. 

இப்ப நெலம என்னன்னா நோட்டுல உள்ள வாடகையும் கம்பில உள்ள ரசீதும் வச்சு எங்கம்மா பங்குக்கு சேர வேண்டிய வருமானத்த அண்ணாச்சி ஒரு பட்டியலா போட்டுக்கிட்டு இருக்காரு. ரெண்டாவது மாமா வீட்டுல இருந்து பேசி முடிச்சுக்கிடலாமான்னு தூது வந்திருக்கு, பெரிய மாமா இன்னும் வாயத் தொறக்கல. சாட்சி விசாரணை பட்டியலுக்கு வர்றதுக்கு முன்னாடி பேச்சுவார்த்த நடந்தா நடக்கட்டும்னு இருக்கோம், ஆனா அதுக்காக ஒரு தேதியையும் விடல.

போறவங்களுக்கு: சொத்து, பாகம், வாடகை, கணக்கு கேக்குற வழக்கு இதுக்குத்தான் இந்த ஆபீஸ். செக் கேஸ், ஜாமீன், குடும்பநல கோர்ட்டு இதெல்லாம் எடுக்க மாட்டாங்க, வேற ஆளு சொல்லுவாங்க. சாயங்காலம் கோர்ட்டு முடிஞ்சு வந்த பொறவு போங்க, காலைல போனா அண்ணாச்சி மட்டும்தான் இருப்பாரு. மனு காப்பி, எதிருரை காப்பி, கோர்ட்டு போட்ட உத்தரவு எது இருந்தாலும் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க, எதிருரை காப்பி இல்லாம போனா படியிலயே திருப்பி அனுப்பிருவாங்க.